அளவுக்கு ஓர் ஆள்

கனடாவின் ஸ்காபரோவில் உங்களுக்கு ஓர் அளவுக்காரரையாவது தெரிந்திருக்கும். கண்ணில் படுகிற கோபுரத்தின் காலடியில் எல்லாம் மனைவியை நிறுத்தி, தான் தெருவின் அடுத்த கரைக்குப் போய், தரையில் குந்தி, கழுத்தைத் திருகி, அடிமுதல் உச்சிவரை கைப்பேசிக்குள் அடக்கிய பிறகுதான் மூச்சு விடுவார். மனைவி? கீழே, ஒரு புள்ளி.

நம்முடைய அல்பேட் இந்த இனத்தில் முதல்தரம். நயாகராவுக்கு முன்னால், லூர்து மாதா கோயிலுக்கு முன்னால், வெயிலிலும் பனியிலும் மனைவி அன்ரனெற் நின்றிருக்கிறார். "ஆடாதையும், சிரியும்!" என்பார் அல்பேட். சிரித்தால் மட்டும் யாருக்குத் தெரியப் போகிறது?

வந்தது வினை. வெள்ளிவிழாத் திருமண நாளுக்கு, மண்டபத்துத் திரையில் போட அம்மாவின் முகம் தெரிகிற படம் ஒன்று வேண்டுமென்றாள் மகள் றெபேக்கா. அல்பேட் எல்லாப் படங்களையும் கிளறினார். பெரிதாக்கப் பெரிதாக்க அன்ரனெற் கட்டம் கட்டமாக உடைந்தாரே தவிர, முகம் அகப்படவில்லை. அவருக்கு உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது. காட்டிக்கொள்வாரா?

"மியூசியத்துக்குப் போவம். அங்கை வடிவா ஒண்டு எடுக்கிறன்."

அங்கே, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியர் எகிப்தில் எடுத்த படங்களின் கண்காட்சி. ஒரு படத்தில், மணலில் பாதி புதைந்த பிரம்மாண்டமான அரசன் சிலை. அதன் தலையில் குருவி போல ஒரு மனிதர். அல்பேட் துள்ளினார்.

"பாரும்! ஆள் இருந்தால்தான் சிலையின்ரை அளவு தெரியும். ஆடாமல் இருக்கோணுமெண்டு கமராவைப் பீரங்கியெண்டு வெருட்டினவங்களாம்!"

"சிலையின்ரை பேர்?"

"ராம்சேஸ்!"

"தலையிலை இருக்கிறவரின்ரை பேர்?"

அல்பேட் விளக்க அட்டையை இரண்டு தரம் வாசித்தார். போட்டிருக்கவில்லை.

"பாவம். அவரின்ரை முகத்தையும் வீட்டிலை ஆராவது தேடியிருப்பினம்," என்றார் அன்ரனெற்.

அல்பேட்டுக்குச் சுருக்கென்றது. கைப்பேசியை மனைவியிடம் நீட்டினார். அன்ரனெற் அவரை வெளியே கூட்டிவந்தார்.

"வாசலடியிலை போய் நில்லுங்கோ. இன்னும் பின்னுக்கு. இன்னும். ஆடாதேங்கோ!"

கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பி, வாய் நிறையச் சிரித்தார்.

விழாவன்று திரை முழுக்க அன்ரனெற்றின் முகம். மண்டபமே கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் அல்பேட்தான்.

"படத்திலை அல்பேட் அண்ணை எங்கை?" என்று கேட்டார் நண்பர் றெமிஜியஸ்.

"என்ரை காதடியிலை வடிவாப் பாருங்கோ," என்றார் அன்ரனெற். "அளவுக்கு நிக்கிறார்."

சிரிக்கிறீர்களா? நல்லது. கையோடு கைப்பேசியைத் திறந்து, போன கோடையில் எடுத்த படங்களில் வீட்டுக்காரியின் முகத்தைத் தேடுங்கள். இரண்டு விரல் வைத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தால், மெல்ல எழுந்து வாசலடியில் போய் நில்லுங்கள். ஆடாமல்.