தற்காலிகம் மாஸ்டர் வாங்கிய ஒரே ஆணி

புத்தளம் மாவட்டம் முழுவதிலும் ஆணியோடு பகை வைத்திருந்த ஒரே மனிதர் தற்காலிகம் மாஸ்டர்தான். இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்லலாம். கனமூலைப் பக்கம் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. யார் வீட்டுக்கு எத்தனை அங்குல ஆணி போனது என்று எனக்குத் தெரியும். மாஸ்டர் வருஷக்கணக்காக எங்கள் கடைக்கு வந்தார். வந்ததெல்லாம் கயிறு வாங்கத்தான்.

யுத்தத்தில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சனம் எங்கள் ஊருக்குப் பின்னால் தென்னந்தோட்டத்தில் கிடுகுக் கொட்டில் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. நான் அப்போது வாப்பாவுக்கு உதவியாகக் கடையில் நிற்கிற இளந்தாரி. வந்தவர்களெல்லாம் ஆணி கேட்டார்கள். மெலிந்து நெடுத்த ஒரு மனிதர் மட்டும் ஆணிப் பெட்டியைப் பாம்புப் பெட்டியைப் போலப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்.

“ஆணி வேணாம் தம்பி. கயிறு இருந்தாத் தாங்க.”

“கயித்தால கட்டினா வீடு எத்தின நாளைக்கு நிக்கும்?”

“நாங்க மட்டும் எத்தின நாளைக்கு நிக்கப் போறம்? இது தற்காலிகம்தானே.”

அன்றைக்கே அவருக்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

ஆணி மேல் அவருக்கு என்ன கோபம் என்பது பிறகுதான் தெரிந்தது. மன்னாரில் கல்யாணத்துக்குக் கிடைத்த தேக்கு அலுமாரியை, பிறக்கப்போகும் பிள்ளைகள் பிடித்து இழுத்தால் சாயும் என்று பயந்து, சுவரோடு சேர்த்து ஆணி அடித்து வைத்திருந்தாராம். வெளியேறச் சொன்னபோது அதைக் கழற்ற முடியவில்லை. “ஆணி மட்டும் அடிக்காட்டி கொண்டு வந்திருப்பன் தம்பி” என்று எப்போதும் சொல்வார். கையில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வள்ளம் ஏறியவர், ஆளுயர அலுமாரியை எந்தத் தலையில் வைத்துக்கொண்டு வந்திருப்பார்? அதைக் கேட்க எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை.

அவர் வீட்டில் கட்டில், வாங்கு, கதிரை, கரும்பலகை எல்லாமே கயிற்றுக் கட்டுத்தான். ஊருக்குப் போகச் சொன்னதும் அவிழ்த்துச் சுருட்டி, லொறியில் போட்டுக்கொண்டு போய்விடலாம். அந்தக் கதிரைகளில் உட்கார்ந்தால் கரப்பான் பூச்சி நடப்பதுபோல ஒரு சத்தம் வரும். ஆனால் விழாது. புதிதாக வருபவர்கள் பாதி உட்கார்ந்து பாதி எழும்பியபடிதான் தேநீர் குடிப்பார்கள்.

அவர் கட்டியது விழுந்தது ஒரேயொரு முறைதான். ஒரு தேர்தல் காலத்தில் மேடை கட்டும் வேலையை மாஸ்டரிடம் கொடுத்தோம். வந்த அரசியல்வாதி நல்ல கனமான ஆள். “இங்குள்ள தொண்டர் ஆசிரியர்கள் அனைவருக்கும் நிரந்தர நியமனம்!” என்று அவர் கையை உயர்த்தியதும் மேடை ஒரு பக்கமாக மெல்லச் சாய்ந்தது. ஆளை நாலு பேர் தாங்கிப் பிடித்தோம். மாஸ்டர் பதறவில்லை.

“கட்டுல பிழையில்ல தம்பி. அவ்வளவு பெரிய கதைய இந்த மேட தாங்காது.”

அவரும் தொண்டர் ஆசிரியர்தான். முகாமில் மரத்தடியில் பள்ளிக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து கணிதம் படிப்பித்தார். சம்பளம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. அவரிடம் படித்த பிள்ளைகள் ஆசிரியர்களாகி, கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கினார்கள். மாஸ்டர் தற்காலிகமாகவே இருந்தார். யுத்தம் முடிந்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நியமனம் வரும், ஊருக்குப் போகலாம், இரண்டும் ஒரே பஸ்ஸில் வரப்போவதுபோல ஒரு சந்தோஷம்.

வடக்கில் ஓர் அலுவலகத்தில் நேர்முகத் தேர்வு. என் சப்பாத்தைத்தான் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார்.

“இப்ப எங்க இருக்கீங்க எண்டு கேட்டாங்க. புத்தளத்துல, தற்காலிகமா எண்டன். எவ்வளவு காலமா எண்டாங்க. இருபது வருஷமா எண்டன்.”

“பொறவு?”

“அப்ப புத்தளத்துலயே கேளுங்க எண்டுட்டாங்க.”

புத்தளத்தில் கேட்டார். “நீங்க மன்னார் ஆளெல்லோ? உங்கட வேல அங்கதான் இருக்கு” என்றார்கள். அங்கே போனார், இங்கே வந்தார். என் சப்பாத்து தேய்ந்தது. கடைசியாக ஒரு நேர்முகத்தில் மரியாதையாகக் கதிரை கொடுத்து உட்காரவைத்தார்களாம். ஆணி அடித்த கதிரை. வயது கூடிவிட்டது, இனி விண்ணப்பிக்க முடியாது என்று சொல்லி எழுப்பி அனுப்பினார்களாம்.

அன்று பின்னேரம் கடைக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி வைத்தார்.

“எல்லாத்தையும் தற்காலிகமாத்தான் வச்சிருந்தன் தம்பி. இந்த வயசு மட்டும் எனக்குச் சொல்லாமப் போய்க்கொண்டே இருந்திருக்கு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆணி நிறுப்பதுபோலத் திரும்பி நின்றுகொண்டேன்.

அதன்பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போவதை விட்டார். காலையிலேயே என் கடைக்கு வந்து உட்கார்ந்து, கைக்கு எட்டியதையெல்லாம் கயிற்றால் கட்டினார். ஒரு நாள் ஒருவர் வாளி வாங்க வந்தார். ஒன்றைத் தூக்கினால் கடையிலிருந்த அத்தனை வாளிகளும் கோத்துக்கொண்டு பின்னால் வந்தன. மற்ற நாளாயிருந்தால் சிரித்திருப்பேன்.

அவர் மனைவி மர்ழியாவை நான் தாத்தா என்று கூப்பிடுவேன், எங்கள் பேச்சில் அது அக்கா. அவர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். கற்பிட்டியில் ஒரு ஹோட்டலில் சமையல் செய்யும் அவருடைய தம்பி, மாஸ்டரின் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். அங்கே கடலில் பட்டம் கட்டிக்கொண்டு பாய்கிற வெள்ளைக்காரர்களுக்கு அது பிடித்துவிட்டது. உப்புக் காற்றில் மற்றக் கதிரைகளின் ஆணியெல்லாம் துருப்பிடித்து உதிர்ந்தபோது இது மட்டும் அப்படியே நின்றது. இன்னும் வேண்டும் என்று ஹோட்டலிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

“ரோட்டுப் பக்கம் ஒரு கட போடுவம். வாசல்ல பேர்ப் பலக ஒண்டு அடிப்பம்” என்றார் மர்ழியா தாத்தா. என் கடையில் வைத்துத்தான் அந்தச் சண்டை நடந்தது.

“கட போட்டா நாம இஞ்சத்த ஆக்களாகிடுவம், மர்ழியா.”

“புள்ளைகள் இஞ்சதானே பொறந்திச்சு? உங்கட உம்மாவ அடக்கின கபுறும் இஞ்சதானே?”

“அது...”

“அதும் தற்காலிகம் எண்டு மட்டும் சொல்லிராதீங்க!”

மாஸ்டர் எழும்பிப் போய்விட்டார். அடுத்த கிழமை ஆளைக் காணவில்லை. எலுவன்குளத்தால் காட்டு வழியாகப் போன ஒரு வேனில் ஏறி, மன்னாருக்குத் தன் வீட்டைப் பார்க்கப் போயிருந்தார். திரும்பி வந்தவர் முதலில் என் கடைக்குத்தான் வந்தார். தூசி படிந்து, கண் உள்ளே போயிருந்தது.

“கூர இல்ல. கதவு இல்ல. அலுமாரியும் இல்ல. முத்தத்துல காடு. ஆணி மட்டும் சுவர்ல அப்படியே நிக்குது தம்பி.”

“புடுங்கிப் பாத்தீங்களா?”

“பாத்தன். வரல்ல.” கொஞ்சம் சிரித்தார். “ஆணி அடிச்சும் போகத்தான் வேண்டியிருந்திச்சு. அடிக்காமலும் நிக்கத்தான் வேண்டியிருக்கு. ஒரு ஆணி தாங்க.”

பெட்டிக்குள் கையை விட்ட நான், எந்த ஆணியைக் கொடுப்பது என்று கல்யாணப் பெண் சேலை தெரிவு செய்வதுபோலத் தேடினேன். நேரான, துருவில்லாத ஒன்றைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் வீங்கிய பெருவிரலோடும் வளைந்த ஆணியோடும் திரும்பி வந்தார்.

“இது பிழையான ஆணி. மாத்தித் தாங்க.”

“ஆணி சரி, மாஸ்டர். சுத்தியல்தான் உங்களுக்குப் புதுசு.”

இரண்டாவது ஆணி ஏறியது. நான் போய்ப் பார்த்தேன். ‘கயிற்றுக் கதிரை’ என்று எழுதிய பலகை, ஒரு பக்கம் ஆணியிலும் மறு பக்கம் கயிற்றிலும் தொங்கியது. மர்ழியா தாத்தா கயிற்றுப் பக்கத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். காற்றுக் காலத்தில் அந்தப் பலகை ஆடிக்கொண்டே இருக்கும், விழாது.

கடை நன்றாகத்தான் ஓடியது. மாஸ்டர்தான் அதைக் கனகாலம் பார்க்கவில்லை. ஒரு மாரியில் காய்ச்சல் வந்து, அதோடு போய்விட்டார். மவுத்தானால் ஊருக்குக் கொண்டுபோய் அடக்கவேண்டும் என்று எப்போதும் சொன்னவர். எலுவன்குளத்துப் பாதை வெள்ளத்துக்குள் கிடந்தது. சுற்றிப் போவதென்றால் நேரமாகிவிடும், மய்யித்தை அடக்காமல் வைத்துக்கொண்டிருப்பது எங்கள் வழக்கமில்லை. ஆண்கள் வாசலில் நின்று மணித்தியாலக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். சீலை மறைப்புக்கு உள்ளேயிருந்து மர்ழியா தாத்தாவின் குரல் வந்தது.

“தற்காலிகமா இஞ்சயே அடக்குங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அங்கே சிரித்திருக்கக்கூடிய ஒரே மனிதர் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார்.

அவர் கட்டித் தந்த கதிரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஒரு கால் கட்டு தளர்ந்துவிட்டது, எழுத எழுத ஆடுகிறது. என்னைச் சுற்றிப் பெட்டி பெட்டியாக ஆணி இருக்கிறது, ஒன்று அடித்தால் போதும். ஆடினால் ஆடட்டும், என் மாஸ்டரின் கதிரையில் நான் ஆணி அடிக்கமாட்டேன்.