புரியல அண்ணன்

ஜொகூர் மாநிலத்தில் விரிவுரையாளராகும் கனவோடு திரிந்த எவரும் புரியல அண்ணனிடம் ஒரு முறையாவது அழாமல் தப்பியதில்லை. நான் பெண்கள் கழிவறையில் அழுதேன். ஈரானிலிருந்து வந்திருந்த தாடிக்காரர் ஒருவர் லிஃப்டுக்குள் அழுதார். கதவு திறந்ததும் அங்கே அண்ணனே நின்றிருந்ததால் மறுபடி மேலே போய் மீதியையும் அழுதுவிட்டு வந்தார்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர்களுக்கும், பட்டம் முடித்து ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பவர்களுக்கும் பாடம் நடத்தப் பயிற்சி கொடுப்பார்கள். ஒவ்வொருவராக எழுந்து ஒரு குட்டிப் பாடம் எடுக்க வேண்டும். மற்றவர்கள் முதலாண்டு மாணவர்களாக நடிக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த நடிப்பு தலையாட்டுவது மட்டும்தான். இன்று உனக்கு நான் ஆட்டினால் நாளை எனக்கு நீ ஆட்டுவாய். கடைசியில் அனைவரும் அருமையான ஆசிரியர்கள் என்று முடிவாகி, ஆளுக்கொரு கறிபாப் சாப்பிட்டுக் கலைவோம்.

இந்த ஏற்பாட்டைக் கெடுக்க வந்தவர் அண்ணன். தங்காக் ஊர்க்காரர். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். மண் வேதியியலில் முனைவர். ஒப்பந்த ஆய்வாளராகவே தலை நரைத்தவர். யார் பாடம் எடுத்தாலும் கை தூக்கி "தாக் ஃபாஹாம்" என்பார். மலாயில் 'புரியவில்லை' என்று அர்த்தம். மலாய்க்காரர்களும் சீனர்களும் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். தமிழ் பேசும் நாங்கள் மட்டும் கொஞ்சம் மரியாதை சேர்த்தோம்.

என் முறை வந்தது. வெப்பக் கடத்தல் பற்றிப் பேச மூட்டை மூட்டையாக ஸ்லைடு தயாரித்திருந்தேன். முதல் ஸ்லைடிலேயே கை எழுந்தது.

"தங்கச்சி, புரியல."

"எது புரியல?"

"எது புரியலன்னு தெரிஞ்சா பாதி புரிஞ்சிருக்குமே லா."

மறுபடி சொன்னேன். மறுபடி புரியவில்லை. "உங்களுக்குப் புரியாம இருக்காது, நீங்க டாக்டர்" என்றேன்.

"இப்ப நான் டாக்டர் இல்ல. தெப்ராவ் ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு நேரா கிளாஸுக்கு வந்திருக்கேன். கண்ணு சொக்குது. எனக்குச் சொல்லுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய சூடான கோப்பி இருந்தது. வெடுக்கென்று அதன் அடியை அவர் உள்ளங்கையில் அழுத்தி, "சுடுதா? கோப்பி உங்களத் தொடவே இல்ல, ஆனா சுடுது. அதுதான் கடத்தல்! போதுமா?" என்று கத்தினேன்.

"அலமாக்! சுடுது, சுடுது... இப்ப புரிஞ்சிருச்சு!" என்று கையை உதறிக்கொண்டே முகமெல்லாம் சிரித்தார். வகுப்பு கைதட்டியது. நான் கழிவறைக்கு ஓடினேன்.

லிம் என்ற ஆய்வாளருக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. அவர் கரும்பலகையைப் பார்த்தே பேசுவார், திரும்பவே மாட்டார். அண்ணன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பூனை போல் வெளியே நடந்தார். வாசலில் நின்று எங்களையும் சைகை காட்டி அழைத்தார். ஒவ்வொருவராக நழுவினோம். பயிற்சியை நடத்திய அம்மையாரை மலாய் மரியாதைப்படி 'புவான்' என்போம். அவர் முறைத்துப் பார்த்தார், பிறகு அவரும் வந்துவிட்டார். லிம் கடைசிச் சமன்பாட்டை எழுதி முடித்து, "ஏதாவது கேள்வி?" என்று திரும்பியபோது அறையில் நாற்காலிகள் மட்டும் இருந்தன.

ஒருநாள் புவான் பொறுக்க முடியாமல் அவரைத் தனியே அழைத்தார். "நீங்கதான் இந்தப் பயிற்சிக்கு எப்பவோ சான்றிதழ் வாங்கிட்டீங்களே. அப்புறம் ஏன் ஒவ்வொரு தவணையும் வர்றீங்க?"

"சான்றிதழ் இருக்கு புவான். கிளாஸ்தான் இல்ல" என்றார் அண்ணன்.

அதன் பிறகு புவான் அவரைத் தடுக்கவில்லை.

வேறொரு கல்லூரியில் விரிவுரையாளர் இடம் காலியானது. அண்ணன் சட்டையை இஸ்திரி போட்டு, தலைக்கு மை அடித்து, நேர்காணலுக்குப் போனார். தேர்வுக் குழுவின் முன்னால் மாதிரிப் பாடம் எடுக்க வேண்டும். என்ன நடந்தது என்று திரும்பி வந்து அவரே சொன்னார்.

"எல்லாரும் தலையாட்டினாங்க தங்கச்சி. எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. நடுவுல உட்கார்ந்திருந்தவர்கிட்ட, 'சார், நான் சொன்னத நீங்க ஒருவாட்டி சொல்லுங்களேன்'னு கேட்டேன்."

"அவர்தான் தலைவரா?"

"தலைவர்தான்."

"சொன்னாரா?"

"தண்ணி குடிச்சாரு."

வேலை வேறொருவருக்குப் போனது. அந்த நபர் ஸ்லைடைப் பார்த்து வாசித்ததாகக் கேள்விப்பட்டோம். அந்த ஆண்டோடு அண்ணனின் ஒப்பந்தமும் முடிந்தது, யாரும் நீட்டிக்கவில்லை. தங்காக்கில் துணிக்கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கும் அம்மாவிடம் திரும்பிப் போனார். கல்யாணம் ஆகாதவர். வயிற்று வலி என்றார், சாப்பாடு இறங்கவில்லை என்றார். மெலிந்தார். ஜொகூர் பாரு மருத்துவமனையில் சேர்த்தபோது கணையத்தில் கட்டி என்றார்கள்.

முடிவு சொன்ன அன்று நானும் கட்டிலருகே நின்றேன். இளம் மருத்துவர், தமிழ்ப்பெண், ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்லி முடித்தார். பரவிவிட்டது, அறுவை சிகிச்சை பலன் தராது, இனி வலி நிவாரணம்தான். அம்மா ஒவ்வொரு வாக்கியத்துக்கும், "சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கட்டிலிலிருந்து கை எழுந்தது.

"டாக்டர், புரியல."

அந்தப் பெண் மறுபடி சொன்னார், கொஞ்சம் மெதுவாக. அம்மா மறுபடி தலையாட்டினார்.

"புரியல டாக்டர். தமிழ்ல சொல்லுங்க."

அந்தப் பெண்ணின் கண்கள் கலங்கின. ஃபைலைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, உங்க மகன எங்களால குணமாக்க முடியாது. வலி இல்லாம பாத்துக்க முடியும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம். கூட இருங்க."

அம்மாவின் தலை அசைவது நின்றது. "தீபாவளிக்கு இருப்பானா?" என்று கேட்டார்.

"சொல்ல முடியாதும்மா."

அம்மா அழுதார். அந்தப் பெண்ணும் அழுதார். அண்ணன் மட்டும், "நல்லா சொன்னீங்க டாக்டர்" என்று பாராட்டினார்.

வெளியே தள்ளுநாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது எனக்கு ஆற்றாமை. "அம்மாவுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்ல?" என்றேன்.

"தலையாட்டிட்டு இருந்தாங்க தங்கச்சி. நான் போனப்புறம், ஏன் போனான்னு புரியாம நிப்பாங்க. யார்கிட்டப் போய்க் கேப்பாங்க?"

சில வாரங்களில் எனக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. முதல் வகுப்புக்கு முந்தைய சனிக்கிழமை மதியம் தங்காக் போனேன். விஷயத்தைச் சொன்னதும், "பாடத்த எடுத்துக் காட்டுங்க" என்றார் அண்ணன். எழுந்து உட்கார முடியவில்லை. அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து, ஒரு தலையணையை அவர் முதுகுக்கு வைத்தார். நான் ஸ்லைடு இல்லாமல், கையை ஆட்டி ஆட்டிப் பாடம் எடுத்தேன். பாதியில் அவருக்குக் கண் சொருகியது.

"தூங்கிட்டான். போதும்மா" என்றார் அம்மா.

குரலைத் தாழ்த்திக்கொண்டு, பாடம் முடியும்வரை சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.

அடுத்த வாரமே அண்ணன் இறந்துபோனார். புது வேலை, லீவு எளிதில் தர மாட்டார்கள். அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும்தான் தர முடியும், இறந்தவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று போனை எடுத்த பெண் கேட்டார்.

"அண்ணன்" என்றேன்.

"கூடப் பிறந்தவரா?"

வீட்டில் நான் ஒரே பிள்ளை.

"ஆமா, கூடப் பிறந்தவர்."