ஆழ்வார்பேட்டைக் கடல்

மயிலாப்பூர் சித்திரக்குளத்தருகே வசிக்கும் ஒரு பெண் பிளஸ் டூவில் புவியியல் படிப்பது, 1994-இல், சட்டப்படி குற்றமல்ல. ஆனாலும் ஊரே கம்ப்யூட்டர் வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்ததால், "பொண்ணு என்ன குரூப்?" என்று யாராவது கேட்டால், ஜானுவின் அப்பா கஸ்தூரிரங்கன் "சயன்ஸ் பக்கம்தான்" என்று மென்று விழுங்குவார். ஜானுவோ ஆசைப்பட்டு எடுத்தவள். வரைபடம் என்றால் அவளுக்கு உயிர்.

"ரெக்கார்ட் நோட்டுல நம்ம பேட்டையோட சர்க்கார் வரைபடத்தை ஒட்டணும். திங்கட்கிழமைக்குள்ள ஒட்டலேன்னா இருபது மார்க் போச்சு" என்றார் ஜெயபாரதி மிஸ்.

ஜானு வரைபட அலுவலகத்துக்குப் போனாள். கண்காணிப்பாளர் அய்யாதுரை தலை நிமிரவில்லை.

"கடலோர வரைபடத் தாள்மா. ரகசியம். எதிரி கையில கிடைச்சா?"

"எங்காத்துப் பக்கத்துல கடல் இருக்கறது எதிரிக்குத் தெரியாதா சார்?"

"தெரிஞ்சிருக்கலாம். நம்ம மூலமாத் தெரியக் கூடாது. மனு எழுதிக் குடு. விசாரணைக்கு ஆள் வரும். வீட்டுக்கு வழி காட்டுற படம் ஒண்ணு இணைக்கணும்."

ஜானு பெஞ்சில் உட்கார்ந்து வரைந்தாள். குளம், கோபுரம், மாட வீதிகள், கிழக்கே கடல். ஒரு சென்டிமீட்டருக்கு ஐம்பது மீட்டர். அய்யாதுரை அதைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"வடக்கு சரியா இருக்கே!"

"புவியியல் படிக்கறேன் சார்."

"அதான் பார்த்தேன்" என்றவர், படத்தின் மேல் 'ரகசியம்' என்று முத்திரை குத்தி, பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"ஐயோ, அது என் படம் சார்!"

"அஞ்சு நிமிஷம் முன்னால வரைக்கும். இனிமே நீ பார்க்கணும்னாலும் அனுமதி வாங்கணும்."

"அனுமதிக்கு?"

"மனு. வீட்டுக்கு வழி காட்டுற படம் இணைக்கணும்."

ஜானுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அய்யாதுரையும் பெண்ணைப் பெற்றவர். குரலைத் தாழ்த்தினார்.

"கொஞ்சம் தப்பா வரைம்மா. எல்லாரும் அப்படித்தான் குடுக்கிறாங்க."

பென்சில் வெகுநேரம் புதுத் தாளுக்கு மேலேயே நின்றது. இருபது மார்க். ஜானு பல்லைக் கடித்துக்கொண்டு, மேற்கே ஆழ்வார்பேட்டை இருக்க வேண்டிய இடத்தில் வங்காள விரிகுடாவை ஊற்றினாள்.

"பேஷ்!" அய்யாதுரை பச்சை மையில் எழுதினார்: 'பார்வையிடப்பட்டது. நாட்டின் பாதுகாப்புக்குக் குந்தகம் இல்லை.' கீழே வட்ட முத்திரை. "அசல் தாள் வர ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் இதையே ஒட்டிக்கோ."

செய்முறைத் தேர்வுக்கு வந்த வெளிப் பள்ளி ஆசிரியர் அந்தப் பக்கத்தில் சற்று நின்றார். கடலைப் பார்த்தார். பிறகு முத்திரையைப் பார்த்தார். இருபதுக்கு இருபது போட்டார். வேறு யாருடைய நோட்டிலும் முத்திரை இல்லாததால் மற்றவர்களுக்குப் பன்னிரண்டு.

அடுத்த ஆண்டு ஜெயபாரதி மிஸ் வகுப்பு முழுவதற்கும் ஜானுவின் படத்தையே முத்திரையோடு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். பதினோராம் வகுப்பு நீரஜா மட்டும் அந்தத் தாளோடு ஜானுவின் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, கடல் கிழக்கேன்னா இருக்கு?"

கல்லூரியில் புவியியல் சேர்ந்திருந்த ஜானு, அந்தத் தாளை நிதானமாக மடித்து அவள் கையில் வைத்தாள்.

"காத்து வாங்கப் போறச்சே கிழக்கே போ. பரீட்சைக்கு மேற்கேயே இருக்கட்டும்."