மூக்கு பாய் இருக்கும் தெருவில் புகைக்கு அனுமதி இல்லை

ராமநாதபுரத்தில் ஒரு தீக்குச்சியைக் கிழிப்பதற்கு முன்னால் தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டவர்கள் எங்கள் தெருக்காரர்கள் மட்டும்தான். போலீஸுக்குப் பயந்து அல்ல, மூக்கு பாய்க்குப் பயந்து.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் மூக்கு பாய். வளைகுடாவில் ஒரு கப்பல் பட்டறையில் வருஷக்கணக்காகப் பெயின்ட் அடித்தவர். அந்த நெடியும் தூசியும் நுரையீரலில் நிரந்தரமாகக் குடியேறிவிட, சட்டைப்பையில் இன்ஹேலரோடு ஊர் திரும்பியிருந்தார்.

"நல்ல காத்தா வாங்கிக்கிட்டு மிச்சக் காலத்தை ஓட்டிரலாம்னு வந்தேன் சார். இங்கன வந்து பாத்தா வீட்டுக்கு வீடு கப்பல் பட்டறையால்ல இருக்கு!" இதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

எங்கே, என்ன எரிகிறது என்பதை வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். "பால் பாக்கெட்டுக் கவரு... கூட ஒரு ரப்பர் செருப்பு" என்று முனகிக்கொண்டே வாளித் தண்ணீரோடு கிளம்புவார். போய்ப் பார்த்தால் செருப்பு இருக்கும். பள்ளிக்கூட வேன் இஞ்சினை அணைக்காமல் நின்றால் ஜன்னலில் தலையை நீட்டுவார்: "புள்ளைகளைப் பள்ளிக்கொடத்துக்குத்தானே கூட்டிப் போறீக? ஆஸ்பத்திரிக்கு இல்லையே?"

ஒரு கல்யாண ஊர்வலத்தில் பட்டாசுச் சரத்துக்குத் தீ வைக்கப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "வைக்காதீக. பொண்ணோட அப்பாவுக்கு ஆஸ்துமா!"

பெண்ணின் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "எனக்கு ஏதுங்க ஆஸ்துமா?" என்று பதறினார்.

"இன்னும் வரலை. இதை வைக்கச் சொல்லுங்க, வந்துரும்."

சாயல்குடிப் பக்கம் கருவேல மரத்தை அடுக்கி, மண் பூசி, கரி மூட்டம் போடுகிறவர்களிடம் சண்டை பிடிக்க ஒருநாள் பைக்கில் போனார். சாயங்காலம் திரும்பியவர் நேராக வீட்டுக்குள் போகப் பார்த்தார். துருவிக் கேட்டதும், "இந்தப் புகைதான் பாய் எங்களுக்குச் சோறுன்னு அங்கன மூட்டம் போடுற அம்மா சொல்லுது. என்னத்தைப் பேச?" என்றார். அடுத்த வாரம் முகக்கவசம் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு மறுபடி போனார். காற்று வருகிற பக்கமாக நின்று வேலை செய்யச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அவர்கள் வைத்த மீன் குழம்பையும் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அவருக்குத் தெருவில் ஒரே எதிர்க்கட்சி என் மனைவி. தினமும் காலையில் வேப்பிலைச் சருகைக் கூட்டி வாசலில் கொளுத்துவாள்.

"வெறும் இலைதானே பாய்?"

"இலைதான் தங்கச்சி. அதுல வர்ற பொடித் தூசி கண்ணுக்குத் தெரியாது. நெஞ்சுக்குள்ள இறங்கி அங்கனயே உக்காந்துக்கிரும். ரத்தத்துலயும் கலந்துரும்."

"உங்க மூக்கை உங்க வீட்டோட வச்சுக்கங்க!"

அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

என் மகள் பிரசவத்துக்கு வந்து, பேத்தி பிறந்திருந்த சமயம் அடைமழை பிடித்துக்கொண்டது. கரண்ட் இல்லை. வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் பிடித்தோம். நனைந்துவிடுமே என்று கொல்லைப்புற அறைக்குள்ளேயே வைத்து ஓடவிட்டு, சாரலுக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து மகளும் குழந்தையும் மனைவியும் அடுத்த அறையில் படுத்திருந்தார்கள். எனக்குத் தலை விண்விண்ணென்று வலித்தது. மழைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கதவு இடிபட்டது. திறந்தால் பாய், சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிறார்.

"ஜெனரேட்டரு எங்கன ஓடுது?"

"உள்ளே, கொல்லை ரூம்ல. நனையக்கூடாதுன்னு..."

"அல்லாவே!" என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். "எந்திரிங்க! வெளியே வாங்க எல்லாரும்!" மனைவி தள்ளாடி எழுந்தாள். மகளால் எழ முடியவில்லை, வாந்தி எடுத்தாள். எழுப்பியும் குழந்தை சிணுங்கவில்லை. பாய் குழந்தையை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். நானும் மனைவியும் மகளைக் கைத்தாங்கலாக இழுத்து வந்தோம். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி உள்ளே போய் ஜெனரேட்டரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்தார். வந்தவருக்கு இருமல் நிற்கவில்லை. இருமிக்கொண்டே ஆட்டோவைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். வெகு நேரம் கழித்துப் பேத்தி வீறிட்டு அழுதாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நாங்களும் அழுதோம்.

மனைவிதான் முதலில் அவரிடம் பேசினாள். "லேசா பெட்ரோல் வாடைதான் பாய் இருந்துச்சு. வேற ஒண்ணுமே தெரியலையே?"

"தெரியாது தங்கச்சி. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜன் இருக்க வேண்டிய எடத்தை அது பிடிச்சுக்கிரும். தூங்குறவுக தூங்கினபடியே போயிருவாக. என் மூக்குக்கும் தெரியாது. ஜெனரேட்டரு சத்தம் வீட்டுக்குள்ளேருந்து வருதேன்னு காதுலதான் கேட்டுச்சு."

தெரு அவருக்குக் காது பாய் என்று பெயர் மாற்றிப் பார்த்தது. ஒட்டவில்லை. எங்கள் வாசலில் சருகு எரிப்பது மட்டும் நின்றுபோனது. என் மனைவி குழி வெட்டி உரமாக்குகிறாள். குழியைத் தினமும் பாய்தான் வந்து மேற்பார்வை பார்க்கிறார். நன்றி சொல்ல வாயெடுத்தால் மட்டும், எங்கேயோ புகை வருகிறது என்று அவசரமாகக் கிளம்பிவிடுவார்.

மகள் புகுந்த வீட்டுக்குப் புறப்பட்ட அன்று வழியனுப்ப வந்தார். துணியை விலக்கி, தூங்கும் குழந்தையின் முகத்தருகே குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய நெஞ்சுக்குள் விசில் அடிப்பது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"நல்லா மூச்சு விடுறா" என்றார்.