சிவப்புச் சீட்டு வாங்கிய மரம்

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மரம் அறுக்கிற ஆள் வந்துவிடுவான். புதன்கிழமை மதியம் வரைக்கும் அந்த மரத்தின் பெயர் என்னவென்று டெனிசனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தப்பு அவனுடையதுதான். ஒரகடத்தில் கார் பிரேக்குக்குப் பாகம் செய்கிற தொழிற்சாலை அது. அங்கே ஸ்பானர் முதல் துடைப்பம் வரை எல்லாவற்றுக்கும் பெயர் ஒட்டுவது டெனிசனின் வேலை. பெயர் இல்லாத பொருளுக்குச் சிவப்புச் சீட்டு. ஒரு வாரத்தில் பெயர் கிடைக்காவிட்டால் வெளியே தள்ளிவிட வேண்டும். மரங்களுக்கும் அறிவியல் பெயரோடு போர்டு மாட்டச் சொல்லி உத்தரவு வந்ததும், கேட் பக்கத்தில் நின்ற பெயர் தெரியாத மரத்துக்கு அவனே உற்சாகமாகச் சீட்டைக் கட்டிவிட்டான். மற்றதெல்லாம் இடுப்பு உயரக் கன்றுகள், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற இருநூறு பேருக்கும் இது ஒன்றுதான் நிழல் என்பது கட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. சீட்டைப் பிய்த்துப் போடவும் வழியில்லை. நம்பர் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது.

"இன்னாத்துக்கு சார் மண்டைய ஒடச்சிக்கினு கீறீங்க? இது ஒதியன்" என்றார் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஆபிரகாம்.

டெனிசன் ஒரு இலையைப் பறித்துப் போனில் காட்டினான். செடி பெயர் சொல்லும் ஆப், 'ஃபைகஸ் அம்ப்ளிசிமா, இச்சி' என்றது.

"போன் இச்சின்னு சொல்லுதுண்ணே."

"போன் எந்த ஊர்ல பொறந்திச்சி? நான் வல்லக்கோட்டையில பொறந்தவன்." ஆபிரகாம் மறுபக்கம் போய் எட்டிக் குதித்து வேறொரு இலையைப் பறித்து நீட்டினார். அதே போன், அதே ஆப், 'லானியா கோரமண்டலிகா, ஒதியன்' என்றது.

டெனிசனுக்குத் தலை சுற்றியது. "இது எப்படிண்ணே? அறிவியல் பேருங்கறது நம்ம இனிஷியல் மாதிரி. மொதல்ல பேரினம், அப்புறம் சொந்தப் பேரு. ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாம் கூடப் பொறந்த மாதிரி, எல்லாத்துக்கும் ஃபைகஸ்தான் இனிஷியல். ஒதியனுக்கு இனிஷியலே வேற. இந்த மரத்துக்கு மட்டும் ரெண்டு இனிஷியல் காட்டுதே!"

"சார், கம்பெனி கேட்டுல நின்னுக்கினு மரத்தோட மானத்த வாங்காதீங்க."

டெனிசன் தன் அண்ணி லிடியாவுக்குப் போன் போட்டான். அவள் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள்.

"ரொம்ப சுலபம் டெனிசன். பட்டையைக் கீறிப் பாரு. பால் வந்தா இச்சி, வரலைன்னா ஒதியன்."

கயிறு முறுக்கினாற்போல் இருந்த அடிமரத்தில், கேட் பக்கம் டெனிசன் கீறினான். பால் கொட்டியது. பஸ் நிற்கிற பக்கம் ஆபிரகாம் கீறினார். ஒரு சொட்டுப் பால் இல்லை.

"பாத்தீங்களா சார், ஒதியன்!"

"பாத்தீங்களாண்ணே, இச்சி!"

இரண்டு இலைகளையும் சேர்த்துப் படம் எடுத்து, 'ரெண்டும் ஒரே மரம்' என்று எழுதி அண்ணிக்கு அனுப்பினான். அவளே கூப்பிட்டாள்.

"என்ன வெளையாடுறியா? ஒண்ணு மாமரத்துக் குடும்பம், இன்னொண்ணு பலா மரத்துக் குடும்பம். ரெண்டு இலையும் ஒரே மரத்துல வந்தா நான் படிச்ச புஸ்தகத்தையெல்லாம் எடைக்குப் போட வேண்டியதுதான். அப்படி ஒரு மரம் உலகத்துலயே கெடையாது!"

டெனிசன் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. உலகத்திலேயே கிடையாது! அப்படியானால் புது இனம்! புது இனத்தை யார் அறுப்பார்கள்? மூச்சிரைக்க எச்.ஆர். மதிவதனியின் அறைக்கு ஓடினான்.

"புது மரமா? அதுக்கு யாரு பேர் வெப்பாங்க?" என்றாள் மதிவதனி.

"யாரு அதைப் பத்தி மொதல்ல விவரமா எழுதி வெளியிடுறாங்களோ அவங்க, மேடம். பெரிய மனுஷங்க யாரையாச்சும் கௌரவிக்கணும்னா அவங்க பேரையும் வெக்கலாம். ஆம்பளைன்னா பேரு கடைசியில ஒரு 'ஈ' சேத்துக்கணும். ஆனா அதுக்கு நெறைய..."

"எம்.டி. சார் பேரு கண்ணப்பன். அப்போ கண்ணப்பனீ!" மதிவதனி அதற்குள் டைப் அடித்து முடித்திருந்தாள்.

வியாழக்கிழமை காலையில் கேட்டில் பேனர் தொங்கியது. மதியம் எம்.டி. கண்ணப்பனே வந்து மரத்தை அண்ணாந்து பார்த்தார். தன் பெயரில் ஒரு மரம் என்றதும் அவருக்குக் கண் கலங்கியது.

"இதுக்கு இன்னும் என்ன செய்யணும், டெனிசன்?"

"மாதிரி ஒண்ணு எடுத்து, காய வெச்சு, பத்திரப்படுத்தணும் சார். அப்பத்தான் நாளைக்கு யாரு சந்தேகப்பட்டாலும் எடுத்துக் காட்டலாம். இலை, பூவோட சின்னக் கிளை போதும்."

"என் பேருல வெறும் கிளையா? முழு மரத்தையும் அறுங்க. ரிசப்ஷன்ல கண்ணாடிப் பொட்டி கட்டி உள்ளே நிறுத்தலாம். அதான் நாளைக்கே ஆள் வரானே!"

பெயர் இல்லாவிட்டாலும் அறுப்பார்கள், பெயர் கிடைத்தாலும் அறுப்பார்கள். டெனிசன் அன்று டீ கூடக் குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணி. ரம்பம் உறுமியது. எம்.டி., மதிவதனி, ஆபிரகாம், பஸ்ஸுக்கு நின்ற இருநூறு பேர், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க டெனிசன் ஓடிப்போய் அடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"சார், அசிங்கமா கீது, வாங்க சார்" என்று ஆபிரகாம் கையைப் பிடித்து இழுத்தார்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு தோட்டவேலை செய்கிற சந்திரம்மாள் வந்தாள். மண்ணூரிலிருந்து ஒப்பந்தத்தில் வருகிறவள்.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார், தண்ணி வுடணும்."

"இனிமே எதுக்கும்மா தண்ணி?" என்றான் டெனிசன், மரத்தை விடாமல். "இவரு ஒதியன்றாரு, போன் இச்சிங்குது, எம்.டி. சார் கண்ணப்பனீன்றாரு. ஒரே மரத்துக்கு என்ன பேருன்னு சொல்லத் தெரியாம அறுக்கப் போறாங்க."

சந்திரம்மாள் குழாயைக் கீழே போட்டுவிட்டு, கூடியிருந்த அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இன்னா சார், இத்தினி பேரு படிச்சிட்டு நின்னுக்கினு கீறீங்க? காக்கா போட்ட இச்சி வெத ஒதியன் கவட்டையில மொளச்சி, வேர வுட்டு அத்தச் சுத்திக்கினு கீது. இது ரெண்டு மரம். ரெண்டு போர்டு மாட்டுங்க."