பாம்பு சாப்பிட்டுச்சாப்பா?

"வாயைத் திறடா ராஜா," என்று கெஞ்சினார் திருநாவுக்கரசு.

ராஜா திறக்கவில்லை. இடுக்கி முனையிலிருந்த முட்டை மஞ்சள்கருவை நாக்கை நீட்டி விசாரித்துவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டது.

கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி நிலையத்தில், கிட்டே போகக் கூடாத பொருள்களையெல்லாம் தூரத்திலிருந்தே இடுக்கியால் தூக்கி வைத்துப் பேர் வாங்கியவர் அவர். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு வெளிநாட்டுக் குட்டிப் பாம்பிடம் அந்தப் பேர் செல்லுபடியாகவில்லை.

பாம்பு மகன் ஆதித்யாவுடையது. அம்மா பிரபாவதியின் காரியம் முடிந்து பெங்களூர் போனவன், மறுமாதமே கண்ணாடித் தொட்டியோடு வந்து நின்றான். "ரூம்ல வெச்சுக்க விட மாட்டேங்கறாங்கப்பா. விஷமெல்லாம் கிடையாது. எலிக்குஞ்சு போட்டா போதும்" என்று ஹாலில் இறக்கிவிட்டு பஸ் பிடித்துவிட்டான்.

பிரபாவதி இருந்தவரை அவன் போனெல்லாம் அவளுக்குத்தான். அவள் போன பிறகு அப்பாவும் பிள்ளையும் போனில் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுவிட்டு வைத்தார்கள். இப்போது ஞாயிறு தவறாமல் மணி அடித்தது.

"பாம்பு சாப்பிட்டுச்சாப்பா?"

"ஓ! நேத்துகூட சாப்பிட்டுச்சே."

"என்ன சாப்பிட்டுச்சு?"

"உப்புமா." தான் சாப்பிட்டது வாயில் வந்துவிட்டது. "எலிடா, எலி!"

எலி போடவில்லை. ராஜா வரும்வரை முட்டையே எட்டிப் பார்க்காத சைவ வீடு. உயிரைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. ஆனால் பாம்பு செத்தால் போனும் செத்துவிடும். அதை நினைத்தால் உப்புமாவும் இறங்கவில்லை.

"பாம்புக்குப் பால்தானே அண்ணா வைப்பாங்க?" என்றாள் எதிர் குவார்ட்டர்ஸ் விஜயகுமாரி. வெள்ளிக்கிழமை காலை அவர் பல் தேய்த்து வருவதற்குள் தொட்டியில் அரை லிட்டர் ஊற்றி, மஞ்சள் குங்குமமும் தூவிவிட்டாள். பாம்பு பாயசத்து முந்திரி மாதிரி மிதந்தது. மாலைக்குள் பால் திரிந்து, எறும்பு வரிசை கட்டியது. அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பிளாக்குப் பெண்களெல்லாம் வரிசை கட்டினார்கள்.

"கதவைச் சாத்தாதீங்கண்ணா, தோஷம்!"

"அது பட்டினி கிடக்குதும்மா."

"விரதம்னு சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் புதுப்பட்டினம் அரிசிக்கடை அப்பாசாமியிடம் போனார்.

"இன்னா சார், அல்லாரும் எலிமருந்து கேட்டு வருவாங்கோ. நீ எலியே கேட்டுகினு கீறே?"

"குட்டியா ஒண்ணு இருந்தா போதும்பா."

அப்பாசாமி டப்பாவில் பிடித்துக் கொடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டியில் விட்டார். திறந்து பார்த்தால் எலி பாம்பின் வாலைக் கடித்துக்கொண்டிருந்தது. பதறி எடுக்கப் போனவரையும் கடித்துவிட்டு, எலி சமையலறைக்குள் ஓடியது. பிரபாவதியின் அரிசி டின்னுக்குப் பின்னால் குடித்தனம் வைத்தது. அந்த வீட்டில் வயிறாரச் சாப்பிட்ட ஒரே ஜீவன் அதுதான்.

ஒரு வாரத்தில் பாம்பின் நிறம் மங்கியது. கண்ணிரண்டும் பால் படிந்தாற்போல் வெளுத்துவிட்டன. தொட்டி முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிரபாவதி போனபோது வராத அழுகை.

அவசரமென்றால் கூப்பிடச் சொல்லி ஆதித்யா கொடுத்த நம்பர் நினைவு வந்தது. பொத்தேரி காலேஜ் ஹாஸ்டலிலிருந்து அவனுடைய பள்ளித்தோழன் நிதின் பைக்கில் வந்து சேர்ந்தான். பாம்பை உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"சாகலை அங்கிள். தோல் உரிக்கப் போறான். அதான் கண்ணு இப்படி. உரிச்சதும் தானா சாப்பிடுவான்."

திருநாவுக்கரசு சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"இவ்வளவு நாள் சாப்பிட்டுச்சுன்னு பொய் சொல்லிட்டேன். ஆதிகிட்ட மட்டும் சொல்லிடாதேப்பா. அவன் இது மேல உயிரையே வெச்சிருக்கான்."

"யாரு, ஆதியா?" நிதின் சிரித்துவிட்டான். "பல்லியைப் பார்த்தாலே கட்டில் மேல ஏறி நிப்பான் அங்கிள் அவன்! இது என் பாம்பு. 'எங்கப்பாகிட்ட போன்ல பேச ஒரு விஷயம் வேணும்டா'ன்னு கெஞ்சி வாங்கிட்டுப் போனான்."