முப்பது பேர், பூஜ்யம் மேசை

பத்து பெரண்டாம் வட்டாரம்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய பாக்கியலட்சுமி அக்காவுக்கு,

தம்பி ஹரிதாஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கிருஷ்ணவேணியும் உடம்பளவில் நலம். புலாவ் செபாங்கில் நீங்களும் நலமாக இருந்து, அத்தானின் இனிப்பு நீரும் அவர் பேச்சைக் கேட்டு நடக்க முருகனை வேண்டுகிறேன்.

மாப்பிள்ளை தினேஷ்வரனை எங்களுக்குக் காட்டியது நீங்கள்தான். “ரெண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை, காலத்துக்கும் பேச விஷயம் இருக்கும்” என்றீர்கள். இருக்கிறது அக்கா. அதுதான் பிரச்சினை. நிச்சயதார்த்தம் முடிந்து ஒரு வாரமாகிறது, மகள் தாரணி கழற்றி வைத்த மோதிரம் என் பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்தில், ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறது. தையில் கல்யாணம். எனக்குச் சோறு இறங்கவில்லை. கடை நூடுல்ஸ், அந்த மீ கோரெங் மட்டும் எப்படியோ இறங்குகிறது.

நீங்கள் அன்று அத்தானின் வயிற்று வலியால் வரவில்லை, அதனால் நடந்ததைச் சொல்கிறேன். விருந்துக்காக மாப்பிள்ளை ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். எத்தனை பேர், எத்தனை மேசை என்று நிரப்பினால், மேசைக்கு இத்தனை பேர் என்று அதுவே வகுத்து, அதன்படி இவ்வளவு சாப்பாடு என்று கேட்டரிங்காரருக்கு அனுப்பிவிடும். நிரப்பியவன் நான். சம்பந்தி மோகனா அம்மா பக்கத்துச் சைவக்காரர்கள் முப்பது பேர். அவர்களை மேசையில் உட்காரவைத்தால் மரியாதையா? பாய் விரித்து, வாழை இலை போட்டேன். பாய்க்கு ஏது மேசை? ஆகவே மேசை என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று உண்மையைப் போட்டேன். முப்பதைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் அந்தப் புரோகிராம் என்ன செய்யும்? மரியாதையாக ‘பூஜ்யம்’ என்று விடை சொல்லிவிட்டுப் போய்விட்டது. கேட்டரிங்காரர் சைவத்துக்குப் பூஜ்யம் சாப்பாடு கொண்டுவந்தார். பக்கத்தில் இருபது மேசையிலும் கோழி மணக்க, சம்பந்தி அம்மா தண்ணீர் தெளித்த இலையை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடைத்தெருவுக்கு ஓடித் தோசை கட்டிக்கொண்டு வந்தபோது இலையே வாடிவிட்டது.

தாரணியும் மாப்பிள்ளையும் அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

“பூஜ்யத்தால வகுக்க முடியாதுப்பா. முடியாததை முடியாதுன்னு நின்னு கத்தணும். இவரு புரோகிராம் வாயை மூடிக்கிட்டுச் சைபர்னு எழுதிட்டுப் போவுது. இது பொய் இல்லையா?”

“நின்னுட்டா என்னாகும் தாரணி? மத்த இருபது மேசைக்கும் ஆர்டர் போயிருக்காதுலா. ஒருத்தர் செஞ்ச தப்புக்கு மண்டபமே பட்டினி கிடக்கணுமா?”

‘ஒருத்தர்’ என்றபோது என்னைப் பார்க்கவில்லை. நல்ல பிள்ளை.

சில கம்ப்யூட்டர் மொழிகள் இதற்கு ‘முடிவே இல்லாத எண்’ என்று விடை கொடுக்குமாம். கேட்டரிங்காரர் காதைத் தீட்டிக்கொண்டு, “அந்தக் கணக்கையே வைங்க அண்ணே, நான் அடுத்த மாசமே ஓய்வு எடுத்துக்கிறேன்” என்றார். பூஜ்யத்தையே பூஜ்யத்தால் வகுத்தால் ‘இது எண்ணே இல்லை’ என்றும் ஒரு விடை உண்டாம், அது எந்தக் கூட்டலில் கலந்தாலும் அந்தக் கூட்டலும் எண் இல்லாமல் போய்விடுமாம். நம் கணேசலிங்கம் கோயில் கமிட்டியில் சேர்ந்த கதைதான், உங்களுக்குத் தெரியாததா.

சமாதானம் செய்யலாமென்று முந்தாநாள் இருவரையும் வீட்டில் உட்காரவைத்து, ஒரு தட்டில் ஆறு வடை வைத்தேன். “சாப்பிட ஆளே இல்லை. ஆளுக்கு எத்தனை வடை?” என்று கேட்டேன். மாப்பிள்ளை வாய் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து கிருஷ்ணவேணி, “ஆளே இல்லாத வூட்டுல யாருக்குய்யா வடை சுட்டீங்க?” என்றாள். “அதான்மா பதில்! கேள்வியே தப்பு!” என்று தாரணி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. பெண்ணைப் பெற்றவன் நான் என்ன செய்வேன்? “மாப்பிள்ளை சொல்ற சைபர்தான் சரி” என்று சொல்லிவைத்தேன். அதிலிருந்து வீட்டில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. வடையையும் நானே சாப்பிட்டேன்.

ஆகவே அக்கா, தாமதிக்காமல் அடுத்த பஸ்ஸில் வாருங்கள். பெண் தணிந்து போகவேண்டும் என்று தாரணிக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும். அவள் என் பேச்சைக் கேட்பதைச் சின்ன வயதிலேயே நிறுத்திவிட்டாள். அப்படியே சம்பந்தி அம்மாவிடமும் போய், பாய் விரித்தது முழுக்க முழுக்க அவர் மரியாதைக்காகத்தான், கல்யாணத்திலும் விரிப்போம் என்று உறுதி சொல்லுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி, அது இங்கே செலவாகாமல் அப்படியே இருக்கிறது.

தங்கள் அன்புத் தம்பி,
ஹரிதாஸ்

பி.கு: உறையை ஒட்டும் நேரத்தில் சம்பந்தி அம்மாவே மாப்பிள்ளையோடு வந்து இறங்கிவிட்டார். வாசற்படி ஏறவே இரண்டு பேர் பிடிக்கவேண்டியிருந்தது. நான் பாயை எடுக்க ஓடினேன். “ஐயா சாமி, வேணாம்! எனக்கு முட்டி தேய்ஞ்சு ரெண்டு வருசமாச்சு. அன்னைக்கு உங்க மரியாதைக்காகத்தான் பல்லைக் கடிச்சிக்கிட்டு உட்கார்ந்தேன். எங்க ஆளுங்க எல்லாருமே மேசைதான் கேப்பாங்க!” என்றார். அதாவது அந்தப் பூஜ்யம் யாருக்குமே வேண்டியிருக்கவில்லை. தாரணியும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். இப்போது இருவரும் ஒரே கம்ப்யூட்டர் முன்னால். மேசைக் கட்டத்தில் பூஜ்யம் விழுந்தால் அந்த வரி மட்டும் நின்றுவிடுமாம், மற்ற மேசைக்குச் சாப்பாடு போய்விடுமாம், என் கைப்பேசி மட்டும் தாரணி குரலில் “அப்பா, என்ன போட்டீங்க?” என்று கத்துமாம். சோதித்துப் பார்க்கிறோம் என்று இதுவரை ஏழு தடவை கத்தவிட்டார்கள். ஐஸ்பெட்டி மேல் இப்போது மாத்திரை மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் வரவேண்டாம்.